தண்ணீர் போகும் பக்கம்

எங்கள் வீட்டுக்காரருக்குச் சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் நந்தி மலை அடிவாரத்தில் நிற்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். மற்ற நாட்களில் பொம்மனஹள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்கும் சைக்கிள்தான். அதற்கு ஒரு கம்பெனி கேப் முற்றுப்புள்ளி வைத்தது. ஓசூர் ரோட்டை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் நின்றிருந்த அந்த வண்டியின் கதவு சட்டென்று திறக்க, இவர் அதில் மோதிக் கீழே விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, ஹெல்மெட்டின் வலது பக்கம் நீளமாக ஒரு விரிசல். கிளினிக்கில் கட்டுப் போட்ட டாக்டர், வாந்தியோ தலைவலியோ வந்தால் உடனே வரச் சொன்னார். இரண்டும் வரவில்லை. உடைந்தது ஹெல்மெட்தானே, மண்டை இல்லையே என்று சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி ரோட்டில் சைக்கிள் ஏறினால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். அம்மா வீடு என்ன சீமையிலா இருக்கிறது, இதே ஊரில் மல்லேஸ்வரத்தில். இருந்தாலும் மிரட்டல் பலித்தது.

ரோட்டுக்குப் பதிலாக வீட்டுக்குள் ரோலர் வந்தது. இரும்புச் சட்டத்தில் மூன்று உருளைகள், அவ்வளவுதான். பின்சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவில் உட்காரும், முன்சக்கரம் மூன்றாவதன்மேல். பின்னாலிருந்து முன்னால் ஓடும் ரப்பர் பெல்ட் ஒன்று முன் உருளையையும் சேர்த்துச் சுற்ற வைக்கும். சைக்கிளைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. மிதிக்கிற வரைக்கும் நிற்கும், காலை நிறுத்தினால் சாயும். கீழே குனிந்து சக்கரத்தைப் பார்த்தால் போச்சு; எதிரே தூரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டு மிதிக்க வேண்டும். பால்கனியில் போட்டார். இடது பக்கம் கிரில், வலது பக்கம் வீட்டுச் சுவர், தடுமாறினால் பிடித்துக்கொள்ள இரண்டும் கைக்கெட்டும். எங்கேயும் போகாத சைக்கிள் என்று நான் கேலி செய்வேன். தினமும் காலையில் இட்லி வெந்து இறங்குவதற்குள் உங்கள் ஊர்வலம் எங்கே வந்திருக்கிறது என்று உள்ளிருந்து கேட்பேன். ஓசூர் தாண்டியாச்சு என்பார்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரே சீராக ஒரு ரீங்காரம் வரும். சில வாரங்கள் போனபிறகு அந்தச் சத்தம் உடைய ஆரம்பித்தது. சீராக ஓடும், பிறகு டக்கென்று ஒரு இரும்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் முன்சக்கரம் உருளையை விட்டு இடது பக்கம் இறங்கியிருக்கும், அவர் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தரை சரியில்லை என்றார். வீட்டு ஓனரைக் கூப்பிட்டு நானே சண்டைக்கு நின்றேன். பால்கனி என்றால் சாய்வாகத்தான் இருக்கும், மழைத் தண்ணீர் கிரில்லோரத்து ஓட்டைக்குப் போக வேண்டாமா, வீட்டுக்குள் வரட்டுமா என்று அவர் கன்னடத்தில் திருப்பிக் கேட்டார். நியாயம்தான். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம், கிரில் பக்கமாகத்தான் ஓடியது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சாய்ந்திருப்பது தரைதான்.

சட்டத்தின் இடதுகாலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தோம். இவர் ரசமட்டம் வாங்கிவந்து மேலே வைத்தார், குமிழி நடுவில் நின்றது. மறுநாளும் டக். இன்னொரு அட்டை வைத்தோம். இப்போது ரோலரே வலது பக்கம் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதும் அவர் இடது பக்கமே போனார்.

அந்த நாட்களில்தான் லிஃப்டில் அவருடைய இடதுகால் செருப்பு கழன்று கிடந்தது. அவர் பாட்டுக்கு ஒற்றைச் செருப்போடு வராந்தாவில் நடந்து போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொன்னேன், சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரோலரைத் திருப்பிப் போட்டால் கிரில் வலது பக்கம் வந்துவிடும், அப்போதும் அவர் இடது பக்கமே போகிறாரா என்று தெரிந்துவிடும் என எனக்கு எப்போதோ தோன்றிவிட்டது. வாயைத் திறக்கத்தான் பயம். தெரியாத வரைக்கும் அது தரையின் கோளாறு.

ஒரு சனிக்கிழமை காலை அவரே திருப்பிப் போட்டிருந்தார். அட்டைகளையும் உருவி எறிந்திருந்தார். நான் சமையலறையில் கையில் கரண்டியோடு அசையாமல் நின்று கேட்டேன். ரீங்காரம் ஏறியது. பிறகு சுவரில் எதுவோ தேய்கிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது பக்கம் இப்போது சுவர். அதன்மேல் சாய்ந்தபடி நின்றிருந்தார். இடது கை விரல் மூட்டுகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது, சுவரிலும் கோடாக இழுத்திருந்தது.

"கையில ரத்தம்ங்க."

அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். "எப்ப பட்டுச்சு?" என்றார்.

துணி எடுத்துவந்து சுற்றினேன். ரோலரைக் காட்டி, "நீ ஒரு தடவை ஏறிப் பாரும்மா" என்றார்.

எனக்கும் ரோலர் கொஞ்சம் வரும், அவர் விடுமுறை நாட்களில் கிரில்லைப் பிடிக்க வைத்துப் பழக்கியிருந்தார். என் சைக்கிள் அவருடையதைவிட நீளம் குறைவு என்பதால் முன் உருளையை ஒரு துளை பின்னால் தள்ள வேண்டும். சட்டத்தைக் காலால் மிதித்துக்கொண்டு வலது கையால் மட்டும் போல்ட்டைக் கழற்றி மாட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், உதவிக்குப் போக மனம் வரவில்லை.

கிரில்லைப் பிடித்து ஏறினேன். மிதித்து, வேகம் வந்ததும் கையை விட்டேன். எதிரே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஒன்றையே வேண்டினேன்: இடது பக்கம் போ. போய் அந்தச் சுவரில் மோது, என் கையும் உரியட்டும், இரண்டு பேரும் சேர்ந்து ஓனரைத் திட்டலாம். சக்கரம் மெல்ல நகர்ந்தது. வலது பக்கமாக. அன்று சொம்புத் தண்ணீர் போன பக்கமாக. திருப்பினேன், நேராக வந்தது. விட்டேன், மறுபடியும் வலது பக்கமே போனது.

அவர் பால்கனி வாசற்படியில் நின்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரைட்டுக்குத்தான போவுது?"

"பேசாதீங்க, விழுந்துடுவேன்."

"இறங்கும்மா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

நான் இறங்கவில்லை. இறங்கினால் ஆட்டோ கூப்பிட வேண்டும், தலையைப் படம் எடுப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு டாக்டர் எங்களை உட்காரச் சொல்வார். எங்கேயும் போகாத சைக்கிள் என்று எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். அன்று எங்கேயும் போகாமல் அதன்மேலேயே இருந்துவிட்டால் போதும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன்.