ஓடையோரம் உட்கார்ந்திருந்தது நான்தானாம்

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை இருந்ததே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவசாயத்துக்குத் திரும்புவதற்கு முன்னால் ரிக் வண்டியில் போர்வெல் கிணறு போடப் போய்க்கொண்டிருந்தவன் நான். மத்தியப் பிரதேசம், ஒரிசா என்று வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் படுக்கை. சுடுகாட்டுச் சுவரை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். பாம்பு வந்திருக்கிறது, போலீஸ் வந்திருக்கிறது, பேய் மட்டும் ஒருநாளும் வரவில்லை. யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தாலும் சரி, கோபித்துக்கொள்ள மாட்டேன். என் மகளே முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

மகள் கவிதா இங்கிலாந்தில் நர்ஸ். அவள் பிரசவத்துக்கு என்று நானும் என் மனைவி சரோஜாவும் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தோம். இங்கிலாந்து என்றதும் கண்ணாடிக் கட்டடங்களை நினைத்துக்கொண்டு போனவனுக்கு அவள் குடியிருந்த இடத்தைப் பார்த்ததும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. டவுனும் இல்லை, கிராமமும் இல்லை. ஒரு பக்கம் ரவுண்டானா, பெரிய கடை, பெட்ரோல் பங்க். இந்தப் பக்கம் ஒரே மாதிரி செங்கல் வீடுகள் ஒரு வரிசை. வரிசை முடிந்ததும் ரோடு வண்டித்தடம் போலக் குறுகிவிடும். வீட்டுப் புழக்கடையைத் தாண்டினால் செம்மறிகள் மேயும் காடு, எங்கள் ஊர்ப் பேச்சில் காடு என்றால் வயல்தான், அதைத் தாண்டி ரெண்டு குதிரைகள். நம் ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரம் போகிற வழியில் சைட் போட்டு விற்ற இடம் முடிந்து குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு ஆரம்பிக்குமே, அந்த மாதிரி ஓர் இடம், ஆனால் சத்தமே இல்லாமல்.

அந்தச் சத்தமில்லாமைதான் முதலில் என்னை வாட்டியது. கார்கள் வாசலில் நிற்கும், மனுஷர்களைக் காணோம். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குழந்தை பிறக்கும் வரைக்கும், மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் ஜன்னல் வழியாகத் திரைச்சீலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பின்னால் இருந்த காட்டில் சாணி எரு தெளித்தார்கள். தெருவெல்லாம் நாற்றம், சரோஜா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள், நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நன்றாக மூச்சு இழுத்து விட்டேன். பக்கத்து வீட்டுக்காரரும் அதேபோல வெளியே வந்து நின்று மோந்துகொண்டிருந்தார். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அவர்தான் டெரிக்.

என் வயதுதான் இருக்கும். மனைவி இறந்து தனியாக இருந்தார், துணைக்கு ஒரு நாய், பின்னால் நாலைந்து கோழிகள். எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. அதனால் நான் தமிழில் பேசுவேன், அவர் இங்கிலீஷில் பேசுவார், எப்படியோ விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். அங்கேயும் நம் கிளுவை வேலி மாதிரி உயிர்வேலிதான், முள் செடி. அதைக் கழிக்கும்போது நானும் போய் நின்றுகொள்வேன். தினம் காலையில் நாயோடு நடக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

எங்கே நடப்போம் தெரியுமா, அடுத்தவர் காட்டுக்குள்! வேலியில் ஏறி இறங்க மரப்படி ஒன்று போட்டிருப்பார்கள், பக்கத்தில் ஒரு கட்டையில் அம்புக்குறி. யார் வேண்டுமானாலும் போகலாமாம், சொந்தக்காரன் கேட்க முடியாதாம். நம் ஊரில் ஒரு வண்டி போகிற அகலத் தடத்துக்காக என் சித்தப்பா வீட்டோடு எங்களுக்குப் பேச்சு நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. முதல் நாள் அந்தப் படி ஏறும்போது யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்று எனக்குக் கால் கூசியது. டெரிக் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இறக்கிவிட்டார். படியிலிருந்து இறங்கினால் ஈரச் சரிவு, சரிவுக்குக் கீழே ஒரு சின்ன ஓடை, ஓடையோரம் சாய்ந்த மரம். அங்கே கொஞ்ச நேரம் நிற்போம்.  அந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

ஆறு மாதம் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்தாகிவிட்டது. தை மாதம் என்று நினைக்கிறேன், மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டுக் காட்டுக்குப் போயிருந்தேன். நமக்கு மத்தியானம் என்றால் அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும். நல்ல வெயில். பக்கத்தில் கிழங்கு அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லின் மோட்டார் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. கிழங்குச் செடிகளுக்கு நடுவில் வரப்பில் நின்றிருந்தேன். திடீரென்று அந்த மோட்டார் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன், ஆனால் ரோட்டில் பஸ் போவது தெரிகிறது, அதற்கும் சத்தம் இல்லை. அடுத்தது கால். முழங்கால் வரைக்கும் பனித்தண்ணீருக்குள் இறக்கிவிட்ட மாதிரி ஒரு குளிர். அப்புறம் அந்த வாசம், மக்கின ஈர இலை வாசம், நம் மண்ணில் எந்த மாதத்திலும் வராத வாசம்.

கண்ணால் பார்த்தேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் காடும் இருந்தது, அதற்குள்ளேயே அந்தச் சரிவும் இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். சாய்ந்த மரத்தடியில் டெரிக் கிடந்தார். ஒரு கால் உடம்புக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. கோட்டின் மேலெல்லாம் வெள்ளையாக உறைபனி. நாய் குரைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவருக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். கோயிலில் திரை விலகும்போது மனசு ஒரு மாதிரி நிற்குமே, அப்படி நின்றது. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவர் நெற்றியில் கை வைத்தேன்.

"தூங்கிறாதீங்க டெரிக், தூங்கக் கூடாதுங்க. இதோ புள்ளையக் கூப்பிடறேன், வந்துருவா, கண்ணத் தொறந்து என்னையப் பாருங்க" என்று பேசிக்கொண்டே இன்னொரு கையால் போனை எடுத்தேன்.

"கவிதா, டெரிக் உழுந்து கெடக்கறாரு. மரப்படி தாண்டி ஓடையோரம், சாஞ்ச மரத்தடியில. ஓடு சாமி."

"அப்பா, என்னங்கப்பா சொல்றீங்க? நீங்க எங்க நிக்கறீங்க?"

"நான் நம்ம காட்டுலதான் இருக்கறேன். நீ மொதல்ல போ."

"வெயில்ல நிக்கறீங்களா? அம்மாகிட்டப் போனக் குடுங்க."

"உங்கொம்மா ஊட்டுல இருக்கறா. கண்ணு, அப்பன் ஒண்ணு சொன்னாக் கேப்பியா மாட்டியா? போய்ப் பாரு, இல்லீன்னா அப்புறம் என்னையத் திட்டிக்கோ."

அவள் என்ன நினைத்தாளோ, குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறாள். போன் வைத்ததும் சேகோ மில் சத்தம் மறுபடி காதில் விழுந்தது. சரிவு இல்லை, ஓடை இல்லை, கிழங்குச் செடிகள்தான். மோர் எடுத்துக்கொண்டு வந்த சரோஜா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, கீழ குந்திட்டு என்ன பண்றீங்க? மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று கையைப் பிடித்தவள் உடனே விட்டுவிட்டாள். "கை ஏனுங்க இப்படிச் சில்லுன்னு இருக்குது?"

மோரை வாங்கிக் குடித்தேன். நடந்ததைச் சொன்னால் அவள் பயந்துவிடுவாள்.

சாயங்காலம் கவிதா கூப்பிட்டாள். பேச முடியாமல் அழுதாள். "அப்பா, நீங்க சொன்ன அதே எடத்துலதாங்கப்பா கெடந்தாரு. இடுப்பெலும்பு ஒடஞ்சிருச்சு. இன்னுங் கொஞ்ச நேரம் ஆயிருந்தா அந்தக் குளிர்லயே போயிருப்பாருன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு எப்படிங்கப்பா தெரியும்?" என்றாள். 

டெரிக் பிழைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீடியோவில் வந்தார், கவிதா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் மளமளவென்று இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்.

"நீங்க பக்கத்துல குந்தி உக்காந்திருந்தீங்களாம்ப்பா. நெத்தியில கை வெச்சீங்களாம். கை சூடா இருந்துச்சாம். என்ன பேசினீங்கன்னு புரியலயாம், ஆனா தூங்கக் கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சுதாம். அதனாலதான் நான் பொழச்சேன்னு சொல்றாருங்கப்பா."

 நான் பார்த்தது மட்டும் என்றால் மனக்குழப்பம் என்று தள்ளிவிடலாம். அவரும் பார்த்திருக்கிறாரே! அத்தனை கடல் தாண்டி ரெண்டு கிழவர்கள் ஒரே ஓடைக்கரையில் இருந்திருக்கிறோம். இந்த உலகத்தில் நமக்குத் தெரியாத தடம் எத்தனை இருக்கிறதோ என்று நினைத்து, வெட்கமில்லாமல் போன் முன்னாலேயே கைகூப்பி அழுதேன்.

டெரிக் அதோடு விடவில்லை. மறுபடி ஏதோ கேட்டார். கவிதா திரும்பத் திரும்ப அவரிடம் விசாரித்தாள். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

"என்ன சாமி, என்ன கேக்கறாரு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. மருந்து மயக்கத்துல கேக்கறாரு."

"பரவால்ல, சொல்லு."

"உங்ககூட வந்தவரு யாருன்னு கேக்கறாருங்கப்பா. ஒசரமா ஒருத்தரு உங்க பின்னாடி நின்னாராம். ஒரு வார்த்தகூடப் பேசலயாம். உங்க தோள்மேல கை வெச்சிட்டே நின்னாராம். அவருக்கும் நன்றி சொல்லணும்ங்கறாரு."

நான் தனியாகத்தான் இருந்தேன். சத்தியமாகத் தனியாகத்தான் இருந்தேன், எந்தக் கையும் என் தோளில் பட்டதாக எனக்கு நினைவில்லை. அப்படியே சொல்லச் சொன்னேன். கவிதா சொன்னாள். டெரிக் நம்பவில்லை, சங்கடமாகச் சிரித்தார், மறுபடி கேட்கவும் இல்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், தடி ஊன்றி நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுகிறோம், நான் தமிழில், அவர் இங்கிலீஷில். பேச்சு முடிந்து போனை வைக்கும் முன்னால் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். பிறகு பார்வையைக் கொஞ்சம் உயர்த்தி, என் தோளுக்கு மேலே பார்த்து, இன்னொரு தடவை தலையசைப்பார், மரியாதையாக, பெரியவர் ஒருவருக்கு அசைப்பது போல. நான் திரும்பிப் பார்ப்பதில்லை.