அமெரிக்கப் பையனுக்கு நீலசந்திராவில் உபவாசம்

அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பேட்டைகளைப் பற்றிய படங்களும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சமூக நிஜமும்தான் என் ஆராய்ச்சி. "படம் பாக்கறதுக்கா பட்டம் குடுக்கறாங்க?" என்று அம்மா கேட்டாள். கேட்டவள்தான், நான் லேப்டாப்பைத் திறந்ததும் வெங்காயக் கூடையோடு பக்கத்தில் வந்து உட்காருவாள். நான் குறிப்பெடுப்பதா, அவளுக்கு வசனத்தைத் தமிழில் சொல்வதா? ஒரே பேஜார்.

அன்று வெள்ளிக்கிழமை. படத்தில் அப்பா இல்லாத ஒரு பையன், சரியில்லாத சகவாசம். செய்யாத தப்புக்குப் போலீஸ் பிடிக்கிறது. பாதிப் படத்தில் வாசல் மணி அடித்தது. அந்த வார ஜெபக்கூட்டம் பெங்களூர் நீலசந்திராவில் இருக்கும் எங்கள் வீட்டில். லேப்டாப்பை மூடிவிட்டுப் பாயை விரித்தேன். பாட்டு முடிந்து ஆளாளுக்கு ஜெப விண்ணப்பம் சொன்னார்கள். முட்டி வலி, மகள் கல்யாணம், மருமகன் வேலை. அம்மாவின் முறை வந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அமெரிக்கால ஒரு பையன். தகப்பன் இல்லாத புள்ள. போலீஸ் புடிச்சினு போயிடுச்சி. அவங்கம்மா அழுவறத என்னால பாக்க முடியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, அது..." என்று வாயெடுப்பதற்குள் எல்லாரும் கண்ணை மூடிவிட்டார்கள். ஜெபம் என்றால் அப்படியொரு ஜெபம். முட்டி வலிக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எத்தனை நாள் முடியும்? அன்று ஜெபத்துக்கு வந்திருந்த, கோலார் தங்கவயலிலிருந்து குடிவந்த மாடி வீட்டு ஆன்ட்டி, படியில் பார்க்கும்போதெல்லாம் "பையன் வெளிய வந்துட்டானா?" என்று கேட்டார். "கேஸ் நடக்குது ஆன்ட்டி" என்று நழுவினேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகம் வாடி வந்து உட்கார்ந்தார். அம்மா காபியை நீட்டினாள்.

"வேணாம்மா. அந்தப் பையனுக்காக உபவாசம்."

சுகர் இருக்கிற மனுஷி! மயங்கி விழுந்தால் என் தலையில்தான் விடியும்.

"ஆன்ட்டி, கோச்சிக்காதீங்க. அது சினிமா."

ஆன்ட்டி முகத்தில் ஈயாடவில்லை. அம்மா அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

"சினிமாவா? சினிமாக்காரனுக்காடி நான் காலையில இருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல?"

ஓடிப்போய் இட்லித் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். முறைத்துக்கொண்டே ஒரு விள்ளல் பிட்டார். வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார்.

"கடைசியில விட்டாங்களா அவன?"

"இல்ல ஆன்ட்டி. சுட்டுட்டாங்க."

"ஐயோ, ஏசப்பா! அவங்கம்மா?"

"அதோட படம் முடிஞ்சிடுச்சி."

"படம் முடிஞ்சிடும்டி. நெஜத்துல அந்த மாதிரி ஒரு அம்மா இருப்பா இல்ல? அவ அப்பறம் என்னா பண்ணுவா?"

என் ஆராய்ச்சி அத்தியாயத்தில் போலீஸ் இருந்தது, வேலையின்மை இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு வரி இல்லை. "தெரியல ஆன்ட்டி" என்றேன்.

பிட்ட விள்ளலைத் தட்டிலேயே போட்டார்.

"அப்ப உபவாசம் அவளுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.