இன்னொருத்தியின் வீச்சு

இளமதியின் அப்பா தணிகாசலத்துக்குச் சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை. பள்ளி விடுமுறைக்கு அவரிடம் போன இடத்தில்தான் அந்த ஆட்டம் அவளைத் தொற்றிக்கொண்டது. பிறகு சொந்த ஊரான ஆரணியில், தினமும் கல்லூரி விட்டதும் வற்றிய ஏரிக்குப் போய்த் தனியாகப் பந்தடிப்பாள். சின்னச் சின்னப் போட்டிகளில் பேர் அடிபடத் தொடங்கியபோது இரவல் மட்டைகள் போதவில்லை. சொந்தமாக ஒரு செட் அயர்ன் வேண்டியிருந்தது. இரும்புத் தலை வைத்த மட்டைகளை அப்படித்தான் சொல்வார்கள்.

சென்னையில் பழைய மட்டைகளைப் பழுதுபார்த்து விற்கும் வேணுகோபால், தன் கடையில் இரண்டு செட்டை எடுத்து வைத்தார்.

“இதுக்குத் தலையோட அடிப்பக்கம் அகலம். வளர்ற ஆளுக்கு இதாம்மா சரி. கொஞ்சம் தப்பா பட்டாலும் பந்து போயிடும். அது மெலிசு. நட்ட நடுவுல பட்டாத்தான் உண்டு.”

மெலிசை எடுத்துப் பார்த்தாள். பிடியில் யாரோ கட்டைவிரல் வைத்து வைத்துப் பள்ளமாகியிருந்தது. அவள் விரல் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை. அதையே வாங்கிக்கொண்டாள்.

அதுவரை வலப்பக்கமே ஓடிய பந்து, ஏரியில் அம்பு மாதிரி நேராகப் போனது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடிக்குமுன் தலையைச் சாய்த்து வாயால் மூச்சை விடுகிறோம் என்பதைக்கூடச் சில நாள் கழித்துத்தான் கவனித்தாள். அப்படி ஒரு பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஆடு மேய்க்கும் முனியம்மாள் ஒருநாள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். “நீதானா? யாரோ வேற பொண்ணு வந்து ஆடிகினு கீதுன்னு இல்ல நெனச்சேன்.”

இளமதி சிரித்து வைத்தாள். வீட்டில், தறி நெய்யும் அம்மா சூர்யகலாவுக்காக ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சிரிப்பும் போயிற்று.

“இன்னாடி, பீச்சாங்கையால சுத்திகினு கீற?”

குனிந்து பார்த்தாள். இடது கைதான். நூல் ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வலது கைக்கு மாற்றினாள். அறுந்துவிட்டது.

மறுநாள் காலை மட்டைகளைத் தூக்கிக்கொண்டு சென்னை பஸ் ஏறினாள்.

“இத வச்சிருந்தவங்க இடக்கையாண்ணே?”

வேணுகோபால் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். “மட்டை வலக்கை மட்டை. ஆனா அந்தப் பொண்ணு மத்த எல்லாத்துக்கும் இடக்கைதான். போன வருஷம் காய்ச்சல்ல போயிடுச்சி. உனக்கு யாரும்மா சொன்னாங்க?”

நடந்ததை அவள் சொன்னாள். அவர் யாருக்கோ போன் செய்தார். அடுத்த தெருவிலிருந்து இறந்த பெண்ணின் அம்மா ஸ்வர்ணலதா வந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு அடிச்சிக் காட்டும்மா.”

கடைக்குப் பின்னால் கட்டியிருந்த வலையை நோக்கி இளமதி அடித்தாள். ஸ்வர்ணலதா பந்தைப் பார்க்கவில்லை. இவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மூச்சு…” என்றாள். பிறகு இளமதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நீயே வச்சிக்கோ. வர்ற போட்டில நீதான் ஜெயிப்ப. ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்துட்டுப் போயேன். அவ ரூம் அப்பிடியேதான் இருக்கு.”

ஜெயிப்போம் என்பதில் இளமதிக்கும் சந்தேகமில்லை. ஜெயிக்கப்போவது யார் என்பதுதான் தெரியவில்லை.

“இல்லிங்கம்மா,” என்று கையை விடுவித்துக்கொண்டாள். “அண்ணே, அந்த அடி அகலமானத எடுங்க.”

ஸ்வர்ணலதா வற்புறுத்தவில்லை. மெலிசு மட்டைகளைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“வரேன், அபி.”

“சரிம்மா,” என்றாள் இளமதி.

அது தன் பேரில்லை என்பது, அந்த அம்மாள் தெருமுனை தாண்டிய பிறகே அவளுக்கு உறைத்தது.

அந்தப் போட்டியில் கடைசிக்கு முந்தின இடம்தான் கிடைத்தது. அகலமான அயர்ன்களோடு மல்லுக்கட்டி, அடுத்த கோடையில்தான் ஆட்டம் படிந்தது. நூல் சுற்றுவது வலது கையால்தான். ஆனால் இப்போதும் யாராவது பின்னாலிருந்து “இளமதி” என்று கூப்பிட்டால், அவள் உடனே திரும்புவதில்லை.