பாதி வேலை முடிந்திருந்த கல்

கல்லைக் கையில் எடுத்தால் பீட்டர் முதலில் அதை நக்கிப் பார்ப்பார். நாக்கு பட்ட இடம் கறுத்து, கல்லின் உள்ளோட்டம் வெளியே தெரியும். விரிசல் இருந்தால் மயிரிழை மாதிரி அதில் ஈரம் தங்கும். பிறகு வேறொரு கல்லால் லேசாகத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். ‘டொக்’ என்றால் தலைக்கு மேலே வீசிவிடுவார். ‘டிங்’ என்றால் முகம் மலர்ந்துவிடும். உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில், பஸ் சன்னல்களெல்லாம் வேடிக்கை பார்க்க ஒரு மனிதர் கல்லை நக்கிக்கொண்டு நின்றால், அவர் எங்கள் பீட்டர்தான்.

தொழில் பிளம்பர். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அவர் கை பட்டுத்தான் தண்ணீர் வருகிறது. வேலையில் சுத்தம், நேரத்தில் மோசம். “தோ, வந்துகினே கீறேன் சார்” என்று போனில் சொன்னால், ஏதோ ஒரு கிராவல் மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். என் வீட்டு மொட்டைமாடித் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்த நாளில் அவர் வந்து சேர்ந்தபோது, கருவிப் பை நிறையக் கற்கள் இருந்தன. ஸ்பேனரை மட்டும் மறந்துவிட்டிருந்தார்.

இந்தப் பைத்தியம் பிடிக்க வைத்தது அவர் மகள் ஷாரோனின் பள்ளிப் புத்தகம். அதில் ஒரு கைக்கோடரிப் படம். மாங்கொட்டையைப் பெரிதாக்கியதுபோல் ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் கூர்ந்து, சுற்றிலும் செதுக்கிய கல். இந்தப் பக்கத்து ஆதி மனிதர்கள் ஆற்றுக் கூழாங்கல்லில் செய்தது என்று கீழே போட்டிருந்தது. “நம்மூரு கல்லாமே சார்! அவன் இரும்பு இல்லாத காலத்துலயே செஞ்சிகீறான். நம்மளால ஆவாதா?” என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது.

போனில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் கல் செதுக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பழகினார். அந்த ஆள் தட்டினால் வெங்காயத் தோல் உரிவதுபோல் சில்லு சில்லாகக் கழன்று விழும். பீட்டர் தட்டினால் ஒன்று கல் தூளாகும், இல்லையென்றால் விரல் நசுங்கும். வெட்டுக் காயத்துக்கெல்லாம் குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பையே சுற்றிக்கொள்வார். “அவனுக்குக் கல்லு சொன்ன பேச்சு கேக்குது சார். நம்மளுது கேக்க மாட்டேங்குது” என்பார். குறை கையில் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துக் குவாரிக் கருங்கல் ஜல்லிக்குத்தான் லாயக்கு. தட்டினால் பொரபொரவென்று உதிரும். உரசினால் பொறி பறக்கும் வெங்கச்சாங்கல்லோ அதன் இஷ்டத்துக்குப் பிளக்கும். அடித்த இடத்திலிருந்து சிப்பி மாதிரி வளைந்து கழலுகிற கல்தான் வேண்டும்.

அது கிடைக்கிறவரை கண்ணாடியில் பழகலாம் என்று மதுக்கடைக்குப் பின்னால் கிடக்கும் பாட்டில்களின் அடிப்பாகத்தைப் பொறுக்க ஆரம்பித்தார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டறியாத மனிதர். விஷயம் சர்ச்சுக்குப் போய், பாஸ்டர் ஒருநாள் வீட்டுக்கே வந்து, குடியிலிருந்து விடுதலை வேண்டி உருக்கமாக ஜெபம் செய்தார். “இவரு குடிக்க மாட்டாரு ஐயா, பாட்டில் மட்டும்தான் எடுத்துக்கினு வருவாரு” என்று மனைவி மார்த்தாள் மூட்டையை அவிழ்த்துக் காட்டினாள். அதைப் பார்த்து பாஸ்டர் மறுபடியும் முதலிலிருந்து ஜெபத்தை ஆரம்பித்தாராம்.

அடுத்து பீங்கான். பழைய கழிப்பறைகளைப் பெயர்த்துப் புதிது வைப்பது அவர் தொழில் என்பதால் அதற்குப் பஞ்சமில்லை. கெட்டியான இடத்தை உடைத்து, செம்புக் கம்பியின் முனையால் விளிம்பை நெம்பி நெம்பி, வெள்ளை வெளேரென்று ஒரு கத்தி செய்தார். மீன் அறுக்கட்டும் என்று ஆசையாக மார்த்தாளிடம் கொடுத்தார். “கக்கூஸ் பீங்கான்ல மீனு அறுத்து உனுக்குக் கொயம்பு வெக்கணுமா? இன்னாய்யா நெனச்சிகினு கீற?” என்று அவள் அதைக் கொல்லையில் எறிந்தாள். அது இன்னும் முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. கூர் மழுங்கவில்லை, நான் தொட்டுப் பார்த்தேன்.

நல்ல கல் கடைசியில் கிடைத்தது பச்சமுத்து என்ற விவசாயியின் மேட்டு நிலத்தில்தான். கடலை போடுகிற செம்மண். அதன் ஓரத்தில் மழைநீர் அரித்த ஓடை ஒன்று உண்டு. எந்தக் காலத்திலோ ஆறு உருட்டிக்கொண்டு வந்து போட்ட பழுப்புக் கூழாங்கற்கள் அங்கே சரளைக்குள் புதைந்திருக்கின்றன. உடைத்தால் உள்ளே சர்க்கரை மாதிரி மின்னும். மழை விட்ட மறுநாள் மண் கரைந்து கல் தலைகாட்டும். அன்றைக்கு ஊரில் யார் வீட்டுக் குழாய் வெடித்தாலும் பீட்டர் அகப்பட மாட்டார்.

பச்சமுத்துவுக்கு முதலில் சந்தேகம். “இன்னா பீட்டரு, சிலை கிலை எதனா மாட்டுச்சா? மாட்டுனா பாதி எனுக்கு.”

“வெறும் கல்லு நைனா.”

“கல்லுக்கா இம்மாந்தூரம் வர?” நாலைந்து நாள் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு, ஆள் மெய்யாகவே கல்லைத்தான் நக்குகிறார் என்று தெரிந்ததும், பாவம் என்று விட்டுவிட்டார்.

போன ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. ஓடைக் கரையில் ஒரு கல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கி நக்கினார், விரிசல் இல்லை. தட்டினார், கோயில் மணி மாதிரி பேசியது. எல்லாவற்றையும்விட, வழக்கமான குண்டுக் கல்லாக இல்லாமல் தட்டையாக, உள்ளங்கையில் வாகாக உட்கார்ந்தது. ஓரங்களில் அங்கங்கே பள்ளம் பள்ளமாகக் கழன்றிருந்தது. ஆற்றில் அடிபட்டது என்று நினைத்தார். “எனுக்கோசரம் யாரோ பாதி வேலைய முடிச்சி வெச்சாப்ல இருந்துச்சி சார். ஏசப்பாவுக்குத் தோத்திரம் சொன்னேன்” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

செதுக்குமுன் ஒரு போட்டோ, செதுக்கிய பின் ஒரு போட்டோ எடுப்பது வீடியோக்காரரைப் பார்த்துக் கற்ற பழக்கம். எடுத்துக்கொண்டார். டயர்த் துண்டைத் தொடையில் விரித்து, அதன்மேல் கல்லைச் சாய்த்துப் பிடித்து அடித்தார். சில்லு அழகாகக் கழன்றது, மறுபடி அடித்தார், அதுவும் கழன்றது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கல் சொன்ன பேச்சைக் கேட்டது. அந்த உற்சாகத்தில் நுனியை இன்னும் கொஞ்சம் கூராக்கலாம் என்று ஓங்கியபோது, நடுவில் இரண்டாகப் போய்விட்டது. வழக்கம்போல நாலு வசவு. வழக்கம்போல உதறிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

கிணற்றடியில் கை கழுவும்போது போனை மார்த்தாளிடம் கொடுத்தார். அவள் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒன்றில் நின்றாள். அவருடைய கற்களைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், வாய் நிறையச் சிரித்தாளாம்.

“அட, செஞ்சே முடிச்சிட்டியா! புக்குல கீற மாரியே கீதே! எங்க, அந்தக் கல்ல காட்டு.”

எந்தப் படம் என்று எட்டிப் பார்த்தார். அடிப்பதற்கு முன்னால் எடுத்தது.

ஷாரோனின் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே மாங்கொட்டை வடிவம், அதே இரண்டு பக்கச் செதுக்கல். ஆற்றில் அடிபட்டது என்று அவர் நினைத்த பள்ளங்கள் வரிசையாக, ஒன்றன் தோளில் ஒன்று ஏறி, விளிம்பைச் சுற்றி வந்திருந்தன. இத்தனை நாள் செதுக்கிப் பழகிய மனிதருக்கு அது ஆற்றின் வேலையா, ஆளின் வேலையா என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பிடாமல் அப்படியே ஓடைக்குத் திரும்பி ஓடினார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சேற்றைக் கையால் அளைந்து துண்டுகளைத் தேடி எடுத்துத் தயிர் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார்.

குழாய் ஓட்டைக்குப் போடும் பசையை வைத்து அதை ஒட்டியிருக்கிறார். எனக்குக் காட்டினார். புறங்கை மாதிரி பழுப்பேறிய பழைய செதுக்கல்களுக்கு நடுவில், பீட்டர் அடித்த இடம் மட்டும் பச்சைப் புண் போல வெளுத்திருந்தது. நுனிச் சில்லு ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அதற்காக எத்தனையோ முறை ஓடை மண்ணைச் சலித்துவிட்டார்.

“இன்னொன்று கிடைக்கும் பீட்டர்” என்றேன்.

“கெடைக்கட்டும் சார், அது வேற ஆளு செஞ்சதுதானே?” என்றார். ஒட்டிய இடத்தைத் தடவிக்கொண்டே, “எத்தினி காலமா மண்ணுல பத்தரமா கீது. வெள்ளம் ஒடைக்கல, ஏரு ஒடைக்கல, ஜேசிபி ஒடைக்கல. அத்த மாரி ஒண்ணு செய்யணும்னு ஆசப்பட்டவன்தான் ஒடைச்சான்.” அவர் கதைகளுக்கு எப்போதும் சிரித்துவிடுகிறவன் நான். அன்றைக்கு ஒட்டிய கல்லை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

போன வாரம் மழைக்குப் பிறகு நானும் அவரோடு அந்த மேட்டுக்குப் போனேன். ஓடையை விட்டுத் தள்ளி, கடலைக் கொல்லையின் வரப்போரம் ஒரு பழுப்புக் கல் அகப்பட்டது. நக்கினார். தட்டிக் கேட்டார். எனக்கே கேட்டது, அவ்வளவு சுத்தமான ஓசை. இப்போது அவரிடம் புதிதாக ஒரு பழக்கம் சேர்ந்திருக்கிறது. பாட்டில் தண்ணீரில் கல்லைக் கழுவி, வெயிலில் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் விளிம்பெல்லாம் தடவிப் பார்க்கிறார். நெடுநேரம் தடவினார்.

“உருண்டைக் கல்லு சார். யாரும் கை வெக்கல.”

“அப்புறமென்ன, அடியுங்கள்” என்றேன், செதுக்குவதைப் பார்க்கும் ஆசையில்.

உட்கார்ந்தார். டயர்த் துண்டை விரித்தார். பாலாற்று உருண்டைக் கல்லைச் சுத்தியலாக வலக்கையில் எடுத்து, ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. தோளிலிருந்த துண்டை எடுத்துக் கல்லின் ஈரத்தைச் சுற்றிலும் துடைத்தார். எழுந்து போய், அது கிடந்த பள்ளத்தைத் தேடிப் பிடித்து, கிடந்த பக்கமாகவே திருப்பி வைத்து, உதிர்ந்திருந்த செம்மண்ணைக் கையால் அதன்மேல் தள்ளினார்.