சமிக்ஞையை மறித்த குளிசை

அந்த மார்கழிக் காலையில் பஸ்ஸின் பிரேக் குமிழைப் பிடிக்க என் விரல்கள் மடங்கவில்லை. குளிர் என்று நினைத்துத் தேய்த்தேன். மதியமாகியும் வீக்கம் வற்றவில்லை. பதினெட்டு வருடமாக ஸ்காபரோ வீதிகளில் நகர பஸ் ஓட்டியவன், பாதி வழியில் இன்னொரு சாரதியிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

முடக்குவாதம் (உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார் மூட்டு நிபுணர். முதலில் வாரம் ஒருமுறை குளிசை, பிறகு இரண்டு வகை ஊசி. ஒவ்வொன்றும் சில மாதம் நம்பிக்கை தந்து கைவிட்டது. இரண்டாம் வருடத்தில் என் சேட்டுப் பொத்தான்களை மனைவி வசந்திதான் பூட்டிவிட்டாள்.

மிஞ்சியது ஜாக் தடுப்பி (உடலின் கலங்களுக்குள் அழற்சிக் கட்டளை போகும் சமிக்ஞைப் பாதையை மறிக்கும் குளிசை). வைத்தியர் எதையும் மறைக்கவில்லை. பிழையான கலங்களை அழிக்கும் கட்டளைகளும் அதே பாதைகளால் போகின்றனவாம். இவ்வகைக் குளிசை எடுத்தவர்களில், குறிப்பாக வயதானவர்களிலும் புகைத்தவர்களிலும், சில புற்றுநோய்கள் சற்று அதிகமாகக் காணப்பட்டிருக்கின்றன. எல்லோருக்கும் அப்படியா என்பது இன்னும் தெளிவில்லை. அடங்காத அழற்சியும் தன் பங்குக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்றார். பிறகு, நான் புகைத்ததுண்டா என்று கேட்டார்.

புகைத்திருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்த காலத்தில், உணவகச் சமையலறை வேலைக்கு நடுவே நாளுக்கு ஒரு பெட்டி. மகள் பிறந்த பிறகுதான் விட்டேன்.

திரும்பும்போது காரில் வசந்தி சொன்னாள்.

"கை ஏலாட்டியும் நான் உங்களைப் பாப்பன். நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்யிறது?"

"பயமாத்தான் கிடக்கு," என்றேன். "எண்டாலும் போட்டுப் பாக்கிறன்."

ஒரு பரிசோதனையும் தவறக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

குளிசை தொடங்கிய ஐந்தாம் வாரம் தேத்தண்ணிக் கோப்பையை ஒற்றைக் கையால் தூக்கினேன். வசந்திதான் முதலில் கண்டாள். அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

ஒன்பதாம் மாதம், புகைத்தவன் என்பதற்காக எடுத்த ஸ்கானில் வலது நுரையீரலில் ஒரு முடிச்சு (சிறு தடிப்பு, பல வேளைகளில் தீங்கற்றது) தெரிந்தது. வைத்தியரோடு பேசிக் குளிசையை நிறுத்தினோம். மூன்று மாதம். வீக்கம் திரும்பி வந்தது. பொத்தான்கள் மறுபடி வசந்தியிடம் போயின.

அடுத்த ஸ்கானில் முடிச்சு இல்லை. ஏதோ தொற்றின் மிச்சமாக இருந்திருக்கலாம் என்று வைத்தியர் தொலைபேசியில் சொன்னார்.

"இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ," என்றாள் வசந்தி. அவர் சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னார்.

குளிசையை மீண்டும் தொடங்கினேன். அடுத்த இளவேனிலில் உடற்தகுதிச் சோதனையில் தேறி வேலைக்குப் போனேன். ஒஷாவாவில் இருக்கும் மகள் அன்று லீவு எடுத்து வந்து, என் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினாள். "அப்பா, யூ டிட் இட்," என்று சொல்லிவிட்டு, முழுச் சுற்றும் என்னோடு வந்தாள்.

இதே மருந்துச் சீட்டோடு இருக்கும் உங்களுக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம். கேள்விகளைக் கேளுங்கள், புகைத்ததை மட்டும் மறைக்காதீர்கள்.

முன்பு காலத்தை வருடங்களாக எண்ணினேன். இப்போது ஒரு ஸ்கானிலிருந்து அடுத்த ஸ்கான் வரை. அது குறுகியதாகத் தெரியவில்லை. அதற்குள் ஒரு முழுக் கோடை இருக்கிறது. நேற்று ரூஜில் எங்கள் வீட்டுப் பின்வளவில், தக்காளி நட மண்வெட்டியால் கிடங்கு வெட்டினேன். மாலையில் கை வலித்தது. வேலை செய்ததால் வந்த வலி. வசந்தி தைலம் எடுத்து வந்தாள். இந்த வலி கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.