எல்லாப் பக்கமும் சொன்ன டையிங்

"…அப்புறம் எங்கிட்ட டையிங் இருக்குதுன்னு உங்க கம்ப்யூட்டருக்கு எவன் சொன்னானுங்க தம்பி?" என்று கேட்டுக்கொண்டே மாடியேறி வந்தார் சரஸ்வதியக்கா. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சின்னதாகத் தையல் யூனிட் நடத்துபவர். அதுவரை எனக்கு அவரைத் தெரியாது.

எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் ஒரு நூல் குடோனுக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நானும் இரண்டு கம்ப்யூட்டரும்தான். முதலாளி பெங்களூரில். பனியன் கம்பெனிகளின் வெப்சைட்டுகளை எங்கள் புரோகிராம் தானாகப் படித்து, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும். அதில் பையர்கள், அதாவது துணி வாங்குகிறவர்கள், தேடுவார்கள். புரோகிராமுக்குச் சந்தேகமாக இருப்பதை மட்டும் என்னிடம் காட்டும். சரி, தப்பு என்று பட்டன் அமுக்குவேன். நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தே தொழில் பழகியவன். நாலு பேர் பேச்சைக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. டீக்கடையில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறவர்கள் வெப்சைட்டில் எல்லோரும் ஒரே மாதிரி. மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்துவைத்து, "என்ன சாமி, இன்னிக்கு என்ன படிச்ச?" என்று திரையிடம் கேட்பேன். வேறு யாரிடம் கேட்க?

"நாளைக்கு ஒரு பையர் டையிங் பட்டறையப் பாக்க வாராருங்க. எங்கிட்டத் தையலத் தவிர ஒண்ணுமில்ல. சாயமெல்லாம் வெளிய குடுத்து வாங்கற ஜாப் ஒர்க்குங்க. வந்து பாத்தா என்னையப் பொய்க்காரிம்பாரு. இந்த ஆர்டர் போச்சுன்னா எங்கிட்டத் தைக்கிற பொண்டுகளுக்கு வேலையில்லீங்க."

அவருடைய பக்கத்தையே திறந்து காட்டினேன். சொந்த டையிங் என்று இங்கிலீஷில் இருந்தது.

"வெப்சைட் போட்டுக் குடுத்தவன் எம்பட பேரும் போன் நம்பருந்தானுங்க கேட்டான்."

அந்த வரியை அப்படியே தேடினேன். வரிசையாகப் பல யூனிட்டுகள் வந்தன. வெப்சைட் போட்டவன், ஏதோ பெரிய கம்பெனிக்குச் செய்த பக்கத்தில் பேரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் விற்றிருக்கிறான். பல பக்கங்கள் ஒத்துச் சொன்னால் எங்கள் புரோகிராம் நம்பிவிடும். என்னிடம் கேட்கவே கேட்காது.

"அத்தன பேரு சொன்னா நெசமாயிருமாக்கும்?"

"எழுதினது ஒருத்தன்தானுங்கக்கா."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் சொல்வது இதுதான்: எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணாதீர்கள், எங்கிருந்து எடுத்துச் சொன்னார்கள் என்று பாருங்கள்.

அக்காவிடம் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருந்தது. "தப்புன்னு போட்டா, டையிங்கோட சேத்துத் தேடற பையருக்கு இனி உங்க பேரு வராதுங்க. முக்காவாசிப் பேரு அப்படித்தான் தேடறாங்க."

"எங்க மச்சாண்டாரு டையிங்க நாளைக்கு ஒரு நாளைக்கு நம்முளுதுன்னு காட்டிரலாமான்னு ரோசன பண்ணிட்டேதானுங்க வந்தேன். இங்க எல்லாரும் செய்யறதுதான்" என்றார் அக்கா. பிறகு, "தப்புங்கறதுக்கு எந்த பட்டனுங்க?"

காட்டினேன். அவரே அமுக்கினார். என் மேஜைப் போனை எடுத்துப் பையரின் ஏஜெண்டைக் கூப்பிட்டார்.

"சார், டையிங் எங்கிட்ட இல்லீங்க. தையல் இருக்குது. அத வந்து பாருங்க."

யாரும் உட்காராமல் தூசி படிந்து கிடந்த இன்னொரு நாற்காலியை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டி இழுத்துப் போட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஏஜெண்டின் பதில் வரட்டுமென்று என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.