முதல் பந்தி, முதல் நாற்காலி

பாண்டிராஜ் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரிக்கோலால் வெட்டுவதில்லை. ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அரை பிளேடால் ஒரே இழுப்பு. அட்டை இரண்டாகும்போது யார் வீட்டு மணமக்களோ ஆளுக்கொரு பக்கம் போய் விழுகிறார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை. அவர்களுடைய பிள்ளைகளே இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. பிள்ளையார் அச்சடித்த மூலையில் மட்டும் பிளேடு படாது. அதைச் சுற்றி அறுத்துத் தனியாக எடுத்து, சாமி படங்களுக்குக் கீழே அடுக்கிவிடுவார். அடுக்கு ஒரு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது.

மகள் உமாராணிக்கு ஐப்பசியில் கல்யாணம். சீசன் கூட்டம் போய், ஐயப்ப சாமிகள் வரத் தொடங்குவதற்கு முன்னால் குற்றாலத்தில் வாடகை இறங்கிக் கிடக்கும். அப்படிப் பார்த்து ஒரு சின்ன மண்டபம் பிடித்திருக்கிறார். தென்காசியிலேயே பெரிதாகச் செய்ய வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "கூட்டம் கொறச்சல்னா வெவகாரமும் கொறச்சல்வே."

சாப்பாட்டு மேசையில் அவரவர் இடத்தில் பேர் எழுதி வைக்கும் யோசனை மகளுடையது. கோயம்புத்தூரில் கூட வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணத்தில் பார்த்துவிட்டுப் போனில் படம் அனுப்பியிருந்தாள். அச்சாபீசில் விலை கேட்டுவிட்டு வந்தவர், பேசாமல் பீரோ மேலிருந்த பத்திரிகைக் கட்டை இறக்கினார். "மொதப் பந்திக்கு மட்டும் எழுதினா போதும். சண்டை அதுலதான் வரும்."

போலீசில் இருந்த காலத்தில் பெரும்பகுதி அவர் ஸ்டேஷன் ரைட்டர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவர் ரைட்டரய்யாதான். லத்தியைவிடப் பேனா பிடித்துக் காய்த்த விரல்கள். எழுத்து ஒவ்வொன்றும் அணிவகுப்பில் நிற்பதுபோல நிற்கும். ஸ்டேஷன் பாஷை மட்டும் இன்னும் வாயை விட்டு இறங்கவில்லை. "மேற்படி டீயில சீனி இல்ல" என்பார். கத்தரிக்காயில் புழு இருந்தால், "மேற்படி கடைக்காரன் நம்பவச்சு ஏமாத்திட்டான்." மனைவி காளீஸ்வரிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. விருந்தாள் முன்னால் தன்னை 'மேற்படியாள்' என்று சொல்லும்போது மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள்.

அட்டையைக் கூடாரம் மாதிரி மடித்து, அடியில் ஒரு பட்டை விட்டு, அதன்மேல் சிற்றாற்றில் பொறுக்கிய கூழாங்கல் ஒன்றை வைக்கிறார். காற்றுக்கு நகராது. மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு பக்கம் சுவரே கிடையாது. மழை அடித்தால் இலைவரைக்கும் தெறிக்கும். அதற்கும் ஸ்டேஷன் வழி இருக்கிறது. வழக்குப் பொருளைப் பொட்டலம் கட்டி அனுப்பும்போது விலாசத்தின்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பார்கள், மை கரையாது. இங்கே மெழுகு தேய்க்கும் வேலை காளீஸ்வரிக்கு. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாங்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு அட்டையில் அவள் கை நின்றது.

"என்னங்க இது? மாடன், த/பெ சுடலையாண்டி, புளியறைன்னு எழுதியிருக்கு?"

"நம்ம ரெண்டு வீட்டுலயும் எத்தனை மாடன் இருக்கான், எத்தனை இசக்கி இருக்கான்னு உனக்கே தெரியும். வெறும் மாடன்னு எழுதினா எந்த மாடன் உக்காருவான்?"

"அதுக்காக? சாப்பிடக் கூப்பிடுதீங்களா, சாட்சி சொல்லக் கூப்பிடுதீங்களா?"

"பெறகு எப்படி எழுத? முட்டக்கண்ணு மாடன்னு எழுதவா? வீட்டுக்குள்ள அப்படித்தான சொல்லுதோம்."

காளீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதித்தான் பாருங்க. அண்ணாச்சி அந்தக் கண்ணை இன்னும் பெருசா முழிப்பாவ." அட்டையை மறுபடி வாசித்தாள். "வயசு மட்டுந்தான் போடல. அதையும் போட்டா சம்மன்தான்."

பாண்டிராஜ் சிரிக்கவில்லை. கேலியெல்லாம் இருக்கட்டும், ஒரு ஆள் உட்கார்ந்த இடத்தை விட்டு இன்னொரு தரம் எழுந்துவிடக் கூடாது. அவருக்கு அவ்வளவுதான்.

'இன்னொரு தரம்' என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. காளீஸ்வரிக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுப் பால்காய்ப்பு. முதல் பந்தி நிறைந்து, இலையில் கேசரி வைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். பாண்டிராஜ் ஒரு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, "மாப்ளே, நீங்க நம்மாளுதான, அடுத்த பந்தியில உக்காரலாம்லா" என்றார். அது காளீஸ்வரியின் தம்பி முத்துச்செல்வம். அவன் கேசரியைப் பார்த்தான், எழுந்தான், கை கழுவாமலே வண்டியை எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்குப் போய்விட்டான். அதன்பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

"நம்மாளுங்கிற உரிமையிலதான சொன்னேன்" என்பது அவர் கட்சி.

"நீங்க சொன்னதுகூட அவனுக்குப் பெருசில்ல. சொல்லும்போது தோள்ல கையை வச்சீங்க. அது போலீசு கை" என்று அவள் ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஸ்டேஷனில் எத்தனையோ பேருக்கு மன்னிப்புக் கடிதம் சொல்லிக்கொடுத்து எழுத வைத்தவர் அவர். 'இனிமேல் இதுபோல நடந்துகொள்ள மாட்டேன்' என்கிற வரி அவருக்குத் தூக்கத்திலும் வரும். சொந்த வாயில் மட்டும் வராது.

பத்திரிகை வைக்க இரண்டு பேருமாகத்தான் செங்கோட்டைக்குப் போனார்கள். தம்பி பெண்டாட்டி தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டு, அவர் வெளியே போயிருக்காங்க என்றாள். கொல்லைப்புறத்தில் இருமல் கேட்டது. கூடப் பிறந்தவனின் இருமல் காளீஸ்வரிக்குத் தெரியாதா? தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகாமல் உமா எப்படி மணவறை ஏறுவாள்? அந்த நினைப்பிலேயே அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

எழுதி முடித்த அட்டைகள் தரையில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கல்லோடு. முதல் நாற்காலிக்கு உரியது மட்டும் இல்லை.

"தம்பிக்கு?" என்றாள்.

"எழுதணும்."

"எழுதாண்டாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு இல்லன்னா, சவத்த விடுங்க, யாராவது உக்காந்துட்டுப் போயிருவாவ. பேரு எழுதி வச்சு நாற்காலி சும்மா கெடந்துச்சுன்னா, வந்த சனம் பூரா அதைத்தான் வாசிக்கும். உமா மாமியார் வீட்டு ஆளுக மொதல்ல வாசிப்பாவ."

பாண்டிராஜ் இருக்கிற அட்டைகளில் மழமழப்பாக ஒன்றைத் தேடி எடுத்தார். ஓரம் சரியில்லை என்று இன்னொரு இழை அறுத்தார். 'முத்துச்செல்வம்' என்று எழுதினார். கை பழக்கத்தில் அடுத்த வரிக்கு இறங்கியது, த/பெ போட. பேனா தாளைத் தொடாமல் நின்றது. வெளியே பால்காரன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். காளீஸ்வரி மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகப்பன் பேரும் எழுதவில்லை, ஊரும் எழுதவில்லை. 'தாய்மாமன்' என்று எழுதினார்.

வழக்கம்போல அவள் கை நீட்டினாள். அவர் அட்டையைக் கொடுக்காமல், அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தானே தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் ஒருமுறை தேய்த்தார். அதற்கு மட்டும் கல் வைக்கவில்லை. எழுந்து கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பைக்குள் வைத்தார். ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"மேக்க மழை கறுத்துக் கெடக்கு. இப்ப எங்கன?"

அவர் தலைக்கவசத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அது கதவுக்குப் பின்னால் இருந்தது.

"செங்கோட்டைக்கா?" அவளும் எழுந்துவிட்டாள். மடியிலிருந்த மெழுகுத் துருவல் தரையில் உதிர்ந்தது. "ஏங்க, அங்கன போய் அவன்ட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

பாண்டிராஜ் சட்டைப் பையின் பொத்தானைப் போட்டார். அதன்மேல் உள்ளங்கையை ஒருதரம் வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு, நிற்கும் அட்டைகளில் ஒன்றும் சாய்ந்துவிடாதபடி கால் மாற்றி மாற்றி வைத்து, அறையை விட்டு வெளியே போனார்.